தோளில் இருந்த நான்கு விரல்கள்

எங்கள் வயதுக்காரர்களின் வீடுகளில் ஓரம் வெட்டிய படங்கள் இருக்கும். கலியாணப் படமாக இருக்கும், பூப்புனித நீராட்டு விழாப் படமாக இருக்கும். ஆட்கள் வரிசையாக நின்றுகொண்டு வருவார்கள், ஒரு பக்கத்தில் படம் சட்டென்று முடிந்துவிடும். அந்த ஓரத்தில் யாருடைய கையோ தோளோ கொஞ்சம் மிஞ்சியிருக்கும். நீங்களும் சின்ன வயதில் "இது ஆர்?" என்று கேட்டிருப்பீர்கள். உங்களுக்கும் ஒருவரும் பதில் சொல்லியிருக்க மாட்டார்கள்.

எங்கள் வீட்டுப் படத்தில் மிஞ்சியது ஒரு முழங்கை. அது என் மாமாவுடையது. அம்மாவின் ஒரே தம்பி அவர். மாமா இயக்கத்துக்குப் போன பிறகு, ஊரை ராணுவம் சுற்றிவளைத்த ஒரு காலையில், அம்மா தன்னுடைய கலியாணப் படத்திலிருந்து அவரை வெட்டி அடுப்புக்குள் போட்டார். மாமா இருந்த மற்றப் படங்களும் அடுப்புக்குள் போயின. ராணுவம் வந்தது, அல்பத்தைப் புரட்டிப் பார்த்தது, போய்விட்டது. அடுத்த வீட்டில் தங்கள் பிள்ளையின் படத்தை மறைத்து வைத்திருந்தவர்களைக் கொண்டுபோனார்கள். அம்மாவைப் பொறுத்தவரை அவர் வாழ்க்கையில் செய்த சரியான காரியம் அது. பின்னர் மாமா செத்துப்போன செய்தி வந்தபோது அஞ்சலித் துண்டில் போட ஒரு முகம் இருக்கவில்லை.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இனி எழுதப்போவதைப் படித்துவிட்டு நீங்கள் அம்மாவைக் கெட்டவர் என்று நினைத்துவிடுவீர்கள். நானும் சில நாட்களில் அப்படி நினைப்பதுண்டு. பிறகு நினைத்ததற்காக வருந்துவேன். இந்தப் பத்தியையே மூன்று தடவை அழித்து எழுதியிருக்கிறேன்.

*

1997ஆம் ஆண்டின் வசந்தம். எனக்குப் பத்து வயது. நாட்டைவிட்டு வந்து நாங்கள் இருந்த டோர்செட் பார்க் பகுதியில் ஒரு கட்டடத்தின் எட்டாம் மாடி. நீங்கள் வேறு கட்டடங்களில் இருந்திருப்பீர்கள். ஆனால் நடைபாதை எல்லாவற்றிலும் ஒன்றுதான்: மண்ணிறக் கம்பளம், கதவுக்கொரு குழம்பு மணம், நடுவில் குப்பை போடுகிற சின்ன அறை. அந்த அறைச் சுவரில் ஓர் இரும்பு மூடி இருந்தது. கைப்பிடியை இழுத்தால் கறுப்பு வாய் திறக்கும். பையைப் போட்டால் அது எட்டு மாடியும் இடிபட்டு இடிபட்டுக் கீழே போய் விழுகிற சத்தம் கேட்கும். எனக்கு அந்த வாயைக் கண்டால் பயம். ஆனால் வீட்டுக் குப்பை போடுவது என் வேலை. வேலை என்று தந்தால் நான் செய்வேன். அப்படிப்பட்ட பிள்ளை நான்.

நடைபாதையின் ஒரு முனையில் நாங்கள். அப்பா ஊரில் அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர், இங்கே கார்ப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் இரண்டாவது ஷிஃப்ட். இரண்டாவது அறையில் ஓர் அங்கிள் வாடகைக்கு இருந்தார். எங்களுக்கு அப்போது இன்னும் நிரந்தர வதிவிடம் கிடைக்கவில்லை. அங்கிளுக்குக் கிடைத்திருந்தது. ஆகவே இமிகிரேசன் விஷயத்தில் அவர் சொன்னதுதான் எங்கள் வீட்டுச் சட்டம்.

மறு முனையில் சயீரிலிருந்து வந்த ஒரு குடும்பம். ஆபிரிக்காவின் நடுவில், பெரிய ஆற்றை வைத்திருக்கும் நாடு. அந்த வீட்டின் மூத்த மகள் என் வகுப்பு. அவள்தான் என் தோழி. அவளுக்கு ஒரு தங்கை. அவர்களின் தகப்பன் கிசங்கானி என்ற ஊரில் உயர்தரப் பள்ளி ஒன்றில் சரித்திரம் படிப்பித்தவர். இங்கே பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை. சப்பாத்தில் மா படிந்திருக்கும், ஆனால் கழுத்தில் எப்போதும் கழுத்துப்பட்டி. நீலத்தில் மெல்லிய மஞ்சள் கோடு போட்டது. ஒன்றே ஒன்றுதான் வைத்திருந்தார் என்று நினைக்கிறேன்.

அங்கிள் அவருக்குச் 'சரித்திர மாஸ்ரர்' என்று பெயர் வைத்தார்.

"பாண் போறணைக்கு ரை கட்டிக்கொண்டு போற ஒரே மனுசன் உந்தச் சரித்திர மாஸ்ரர்தான், அக்கா. பாணை இன்ரவியூ எடுக்கப்போறார் போல."

அம்மா சிரிப்பார். நானும் சிரித்தேன். ஏன் கட்டுகிறார் என்று பிறகு தோழி சொன்னாள். அவர்கள் நாட்டில் தலைவர் கழுத்துப்பட்டியைத் தடைசெய்திருந்தாராம். அது வெள்ளைக்காரனின் கயிறாம். ஆண்கள் எல்லோரும் கழுத்துவரை பொத்தான் போட்ட ஒரே மாதிரிச் சட்டை போடவேண்டுமாம். ஞானஸ்நானப் பெயர்களும் தடையாம். அவளுடைய தகப்பனுக்கு ஒரு புனிதரின் பெயர் வைத்திருந்தார்கள். இளைஞனாக இருந்தபோது அதைப் பதிவேட்டில் கோடு போட்டு அடித்துவிட்டு முன்னோர் பெயரை எழுதச் சொன்னார்களாம். இங்கே வந்து இறங்கிய முதல் வாரம் அவர் வாங்கிய முதல் பொருள் அந்தக் கழுத்துப்பட்டி.

நான் இதை வீட்டில் சொல்லவில்லை. அங்கிளின் பகிடி நன்றாக இருந்தது, அது கெட்டுவிடும் என்று நினைத்தேனோ தெரியாது.

*

அந்த வசந்தத்தில் வகுப்பில் ஒரு நாட்டைப் பற்றிப் பெரிய அட்டை செய்யவேண்டியிருந்தது. ஆசிரியை எங்கள் இருவரையும் சேர்த்துவிட்டார். யாருடைய நாட்டை எடுப்பது என்று அம்மாவிடம் கேட்டேன்.

"எங்கட நாட்டை எடுக்காதை. என்ன எழுதினாலும் ஆருக்கோ பிழையாய் இருக்கும். அந்தப் பிள்ளையின்ர நாட்டை எடு. அதைப் பற்றி இஞ்சை ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியாது. பிரச்சினை இல்லை."

ஆகவே சயீர்.

எங்கள் வீட்டில்தான் மேசை இருந்தது. தோழி மாலையில் வருவாள். அவளுடைய சட்டையில் அவித்த மரவள்ளியின் மணம் இருக்கும். எங்கள் வீட்டிலும் சனிக்கிழமைகளில் அதே மணம்தான். இரண்டு அம்மாக்களும் ஒரே கடையில் மெழுகு பூசிய மரவள்ளிக்கிழங்கை ஒடித்துப் பார்த்து வாங்குவார்கள், பேசிக்கொள்ள மாட்டார்கள்.

அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். என் கையெழுத்து நேராக இருக்கும். காலையில் பள்ளி தொடங்கும்போது கொடியைச் சுற்றி நின்று தலைவருக்காகப் பாடி ஆடவேண்டும் என்று சொன்னாள். பிறக்கும்போதே எல்லோரும் ஒரே கட்சியின் அங்கத்தவர்களாம். "குழந்தையுமா?" என்று கேட்டேன். "வயிற்றில் இருக்கிற பிள்ளையும்தான் என்று அப்பா சொல்வார்" என்றாள். மாதக் கணக்காக ஆசிரியர்களுக்குச் சம்பளம் வராது, பெற்றோர் எண்ணெயும் மாவும் கோழியும் கொண்டுவந்து கொடுத்து வகுப்பை நடத்த வைப்பார்கள். ஒரு வருடம் பள்ளியே நடக்கவில்லை. அதை வெள்ளை வருடம் என்று சொல்வார்களாம். ஏனென்றால் அந்த வருடத்துக்கு உரிய பக்கம் எல்லோருடைய தேர்ச்சி அட்டையிலும் வெறுமையாக இருக்கும்.

எனக்கும் அப்படி ஒரு பக்கம் இருந்தது. இடம்பெயர்ந்து நாங்கள் ஒரு கோயில் மண்டபத்தில் இருந்த மாதங்கள். அதை அவளிடம் சொல்லியிருக்கலாம். அம்மா பிரச்சினை வேண்டாம் என்று சொல்லியிருந்தார், சொல்லவில்லை.

அட்டை முடிகிற வெள்ளிக்கிழமை தோழி ஒரு படத்தைப் புத்தகத்துக்குள் வைத்துக் கொண்டுவந்தாள்.

நிறம் மங்கிய படம். ஒரு பள்ளிக்கூடத்தின் படிகளில் ஆறு ஆண்கள். பின்னால் சுவரில் பள்ளியின் பெயர். எல்லோரும் அந்தக் கழுத்து மூடிய சட்டை. வலது ஓரத்தில் சரித்திர மாஸ்ரர், இளமையாக, மெலிந்து. அவருடைய கை பக்கத்தில் நின்றவரின் தோளில் இருந்தது.

"அப்பாவின் கோப்பில் இருந்து எடுத்தேன், அவருக்குத் தெரியாது. செவ்வாய்க்கிழமை கண்காட்சி முடிந்ததும் திருப்பி வைக்கவேண்டும்" என்றாள். "என் அப்பா பாண்காரன் என்று வகுப்பில் சொல்கிறார்கள். பார்க்கட்டும்."

அவள் அதற்காகத்தான் எடுத்தாள். வேறு எதற்காகவும் இல்லை.

*

அடுத்த நாள் அந்த நாடு விழுந்தது. ரீவியில் காட்டினார்கள். முப்பது வருடத்துக்கும் மேலாக ஆண்ட தலைவர் ஓடிவிட்டார், போராளிகள் தலைநகருக்குள் வந்துவிட்டார்கள். நாட்டின் பெயரையே மாற்றிவிட்டார்கள். எனக்கு முதலில் வந்த கவலை அட்டையைப் பற்றியது. மேலே பெரிய எழுத்தில் சயீர் என்று எழுதிப் பச்சை நிறமும் தீட்டியிருந்தேன்.

தோழி விட்டுப்போன படம் அட்டையின் பக்கத்தில் கிடந்தது. அங்கிள் மேசைக்கு வந்தார். "உது என்ன, பிள்ளை?"

"சரித்திர மாஸ்ரரின்ர படம். புரொஜெக்ற்றுக்கு."

அவர் அதை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு அம்மாவைக் கூப்பிட்டார்.

"அக்கா, இஞ்சை வாங்கோ. நெஞ்சில குத்தியிருக்கிற பட்ஜைப் பாருங்கோ. உதில இருக்கிற மூஞ்சிதான் இப்ப ரீவியில ஓடுறான்."

அம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். "அப்ப மாஸ்ரரும் அவன்ர ஆளோ?"

"ஆளோ இல்லையோ, ஆக்களோட நிக்கிறார்தானே. கையும் போட்டுக்கொண்டு நிக்கிறார். உவைக்கு அகதி ஹியரிங் இன்னும் முடியேல்லை. இமிகிரேசன்காரன் உந்தப் படத்தைக் கண்டானெண்டால் கதை முடிஞ்சுது. உவையைத் துரத்தினவன்ர கூட்டம் எண்டு ஏத்தி அனுப்பிப்போடுவான்."

"கடவுளே. ரெண்டும் பொம்பிளைப் பிள்ளையள்."

"படத்தை வைச்சிருக்கிறதே விசர். என்ன படிப்போ மாஸ்ரருக்கு."

அம்மா அன்று ஒன்றும் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் செய்யவில்லை. திங்கட்கிழமை விடுமுறை. அப்பாவுக்கு அன்றும் வேலை. மத்தியானம் அம்மா அலுமாரியிலிருந்து தைக்கிற கத்தரிக்கோலை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார்.

"உன்ர கை நேராய் வெட்டும். அவரை மட்டும் விட்டுட்டு மற்றவையை வெட்டு."

"அம்மா, கேட்டுட்டு வெட்டுவமே?"

"கேட்டால் ஓமெண்டு சொல்லேலாது, பிள்ளை. ஆரும் சொல்லமாட்டினம். உது கேக்காமல் செய்யிற உதவி. அவரின்ர நெஞ்சில பட்ஜ் இல்லை, பார். கடவுள் காப்பாத்தியிருக்கு. அவரை மட்டும் விட்டால் ஒரு பயமும் இல்லை."

அம்மாவின் கண்ணுக்கு அது பட்டது. மாஸ்ரரின் நெஞ்சில் பட்ஜ் இல்லை என்பதை இரண்டு நாள் அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்திருந்தார். ஆனால் ஏன் இல்லை என்று அவர் யோசிக்கவில்லை. இருபத்தெட்டு வருடமாக நான் வந்து நிற்பது அந்த இடத்தில்தான். பட்ஜ் இல்லாததைக் கண்ட ஒருவர் அடுத்த கேள்வியைக் கேட்டிருந்தால்?

நான் மேலிருந்து கீழே நேராக வெட்டினேன். மணிக்கட்டில் கத்தரிக்கோல் போனபோது ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. காகிதம் காகிதம்தான்.

இந்தப் பக்கம் மாஸ்ரர் தனியாக, ஒரு கை குறைந்து. அந்தப் பக்கம் ஐந்து பேர், ஐந்து பட்ஜ், பள்ளியின் பெயர். ஐந்தாவது ஆளின் தோளில் நான்கு விரல்கள்.

அம்மா மாஸ்ரரை ஓர் உறைக்குள் வைத்து ஒட்டினார். மற்றதை என்னிடம் தந்தார். "கொண்டுபோய்க் குப்பையில போட்டுட்டு வா. ஒருத்தரும் நிண்டால் திரும்பி வந்திடு."

ஒருவரும் நிற்கவில்லை. இரும்பு மூடியை இழுத்தேன். அழுகிய தோடம்பழமும் சூடான தூசியும் சேர்ந்த காற்று முகத்தில் அடித்தது. படத்தைப் பிடித்த கையை உள்ளே நீட்டினேன். அந்த விரல்கள் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தன. விரல்களைப் போட எனக்கு முடியவில்லை. மூடியைச் சத்தம் கேட்கிற மாதிரி அடித்துச் சாத்தினேன், அம்மாவுக்குக் கேட்கட்டும் என்று. படத்தைக் காற்சட்டைப் பையில் வைத்து, பிறகு என் பென்சில் ரின்னுக்குள், கோடு போடுகிற அடிமட்டத்துக்குக் கீழே வைத்தேன்.

அம்மா சொல்லி நான் செய்யாமல் விட்ட முதல் காரியம் அது. அதை நல்லதற்குப் பயன்படுத்தவும் எனக்குத் தெரியவில்லை.

*

கண்காட்சி அன்று ஆசிரியை ஒரு வெள்ளைக் காகிதப் பட்டையைத் தந்து பச்சை எழுத்தின் மேல் ஒட்டிப் புதிய பெயரை எழுதச் சொன்னார். எழுதினேன். தோழியிடம் உறையைக் கொடுத்து, "ஒட்டினால் பழுதாகிவிடும் என்று அம்மா சொன்னார்" என்றேன். அவளுடைய முகம் வாடியது. வகுப்புக்குக் காட்டத்தானே கொண்டுவந்தாள். உறையைத் திறக்காமலே பைக்குள் வைத்தாள். திறக்காமலே தகப்பனின் கோப்புக்குள்ளும் வைத்துவிட்டாள்.

இரண்டு கிழமை ஒன்றும் நடக்கவில்லை. அம்மா ஒருநாள் நடைபாதையில் மாஸ்ரரைக் கண்டு தலையசைத்தார். அதுவரை அவர் அப்படிச் செய்ததில்லை. ஓர் உதவி செய்தவரின் தலையசைப்பு அது. மாஸ்ரர் நின்று, உடம்பைக் கொஞ்சம் வளைத்து வணக்கம் சொன்னார்.

ஜூன் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் கதவு தட்டினார்கள். மாஸ்ரர். பின்னால் தோழி, கன்னம் வீங்கி. அவர் கையில் வெட்டிய படம்.

அவர் ஆங்கிலம் மெதுவாகப் பேசுவார், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பதுபோல. சொல் வராதபோது மகளிடம் பிரெஞ்சில் கேட்பார், அவள் ஆங்கிலத்தில் சொல்வாள். அம்மா தமிழில் சொல்ல நான் ஆங்கிலத்தில் சொல்வேன். நாங்கள் எல்லோரும் பெற்றோருக்காகப் பேசியவர்கள்தானே. வங்கியில், வைத்தியரிடம், பள்ளியில். அன்றும் அப்படித்தான் தொடங்கியது.

"மற்றப் பாதி எங்கே, மடாம்?" என்று கேட்டார். கோபம் இல்லை. "அடுத்த கிழமை எனக்கு விசாரணை. சட்டத்தரணி அந்தப் படத்தைக் கேட்கிறார்."

நான் தமிழில் சொன்னேன். அம்மா என்னைப் பார்த்தார்.

அவர் படத்தை நீட்டி, தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "இங்கே ஒன்றும் இல்லை. பார்க்கிறீர்களா? கல்வித் திணைக்களத்தின் பெரிய ஆள் வந்த நாள். எல்லோரும் தலைவரின் பட்ஜ் குத்தவேண்டும். ஐந்து பேர் குத்தினார்கள். நான் குத்தவில்லை." ஒரு சொல்லுக்காக மகளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "பக்கத்தில் நின்றவர் புவியியல் ஆசிரியர், அப்பாவின் சிநேகிதர். தன்னிடம் இன்னொன்று இருக்கிறது, குத்திக்கொள் என்று காலையில் கெஞ்சினாராம். அப்பா தோளில் கைபோட்டு, பரவாயில்லை என்றாராம். இரண்டு நாள் கழித்து அப்பாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள்."

மாஸ்ரர் வெட்டிய ஓரத்தை விரலால் தடவினார். "அவர்களோடு நின்றால்தான் என்னிடம் இல்லை என்பது தெரியும். தனியாக நின்றால் நான் ஒரு மனிதன், அவ்வளவுதான்."

இதை நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். நான் சொல்லி முடிக்கிறவரை அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு விளங்கியது. முழுதாக விளங்கியது. கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

அறைக்குள்ளிருந்து அங்கிளின் குரல் வந்தது. "அக்கா, ஒண்டையும் ஒத்துக்கொள்ளாதேங்கோ. எவிடன்ஸை அழிச்சது எண்டு எழுதிக் குடுத்தாரெண்டால் உங்கட பைலும் சேர்ந்து போகும்."

அம்மா திரும்பி அறைப் பக்கம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, மிக மெதுவாக, "சொல்லு. எங்களிட்ட வரேக்கையே அப்பிடித்தான் இருந்ததெண்டு சொல்லு. பள்ளிக்கூடத்தில பிள்ளையள் வெட்டியிருக்குமெண்டு சொல்லு" என்றார்.

நான் சொன்னேன். தெளிவான ஆங்கிலத்தில், இலக்கணப் பிழை இல்லாமல். அம்மா தமிழில் சொன்ன பொய்யை அவர் கேட்கவில்லை. அவர் கேட்டது என் பொய்யை.

மாஸ்ரர் அம்மாவைப் பார்க்கவில்லை. என்னை நெடுநேரம் பார்த்தார். வகுப்பில் வீட்டுவேலை செய்யாத பிள்ளையை ஆசிரியர்கள் பார்ப்பார்களே, பிள்ளையே சொல்லட்டும் என்று கொஞ்ச நேரம் கொடுத்து, அப்படி. பென்சில் ரின் என் பின்னால் மேசையில் இருந்தது. ஆறு அடி தூரம்.

"நன்றி" என்றார். மகளின் தோளைப் பிடித்துத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போனார்.

கதவு சாத்தியதும் அம்மா நிலத்தில் இருந்துவிட்டார். அங்கிள் தேத்தண்ணி கேட்டார்.

*

திங்கட்கிழமை காலை, கணித பாடம் நடந்துகொண்டிருந்தபோது, சரித்திர மாஸ்ரர் எங்கள் வகுப்பறைக்குள் வந்தார். அலுவலகத்தில் அனுமதி கேட்டிருக்கவேண்டும். ஆசிரியை சங்கடத்தோடு கடுதாசிப் பெட்டியைக் காட்டினார். பழைய காகிதங்களைச் சேர்த்துப் போடுகிற நீலப் பெட்டி அது.

அவர் வேலைச் சப்பாத்தோடு வந்திருந்தார். கழுத்துப்பட்டியைத் தூக்கித் தோளுக்குப் பின்னால் போட்டுவிட்டு முழங்காலில் இருந்தார். ஒவ்வொரு காகிதமாக எடுத்து, விரித்து, பார்த்து, பக்கத்தில் அடுக்கினார். கசங்கியதை நிலத்தில் வைத்து உள்ளங்கையால் நீவினார். பிள்ளைகள் சிரித்தார்கள். பின்வரிசையில் யாரோ "பாண்காரன்" என்றான். தோழி மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

பென்சில் ரின் என் மேசைக்குள் இருந்தது. மூடியின்மேல் என் கை இருந்தது. இப்போது எடுத்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். அம்மா பொய் சொன்னவர் ஆவார். நானும் ஆவேன். எங்கள் பைலும் போகும். ராணுவம் வந்து கேட்ட கேள்விகளும் இமிகிரேசன் கேட்கப்போகும் கேள்விகளும் எனக்கு ஒன்றாகவே தெரிந்தன. பத்து வயது என்று சொல்லலாம். என் மகளுக்கு இப்போது எட்டு. அவளாக இருந்தால் கொடுத்திருப்பாள்.

பெட்டி முடிந்தது. எழுந்து முழங்காலைத் தட்டினார். போகும்போது சுவரில் எங்கள் அட்டையைக் கண்டு நின்றார். வெள்ளைப் பட்டையின் ஒரு மூலையை நகத்தால் மெல்லக் கிளப்பி, கீழே இருந்த பச்சை எழுத்தைப் பார்த்தார். திரும்பவும் அழுத்தி ஒட்டினார்.

"நான் பிறந்த பிறகு இது மூன்றாவது தடவை" என்று ஆசிரியையிடம் சொன்னார். "கரும்பலகையில் நானே ஒருமுறை அழித்து எழுதியிருக்கிறேன்." ஆசிரியைக்கு விளங்கவில்லை. புன்னகைத்தார்.

*

இலையுதிர் காலத்தில் அவர்களுக்கு மறுப்பு வந்தது.

கட்டடத்தின் அடித்தளத்தில் உடுப்புத் தோய்க்கிற அறையில் தோழியைத் தனியாகக் கண்டேன். கோடை முழுவதும் அவள் என்னோடு பேசவில்லை. இயந்திரத்தின் வட்டக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"படத்தில் ஒரு மனிதன் நிற்கிறான், வேறு எதுவும் தெரியவில்லை என்றார்களாம். அதோடு இப்போது அங்கே அரசாங்கமும் மாறிவிட்டது, பயப்படத் தேவையில்லை என்றார்களாம்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "நான் உறையைத் திறக்கவே இல்லை. உனக்குத் தெரியும்."

"எனக்குத் தெரியாது" என்றேன்.

அப்போது அம்மா பக்கத்தில் இல்லை. அங்கிள் இல்லை. ஒருவரும் சொல்லித் தரவில்லை.

நவம்பரில் அவர்கள் போனார்கள். நாட்டுக்கா, மொன்றியலுக்கா, எல்லை தாண்டியா என்று எங்கள் மாடியில் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. கதவுக்கு வெளியே ஒரு மெத்தையும் மரவள்ளி அவிக்கிற பெரிய பானையும் இரண்டு நாள் கிடந்தன. அடுத்த வருடம் அந்த நாட்டில் திரும்பவும் போர் தொடங்கியது. ரீவியில் கிசங்கானி என்ற பெயர் வரும்போது அம்மா எழுந்து குசினிக்குப் போவார்.

அப்பாவுக்கு முழுக்கதையும் அவர்கள் போன பிறகுதான் தெரியவந்தது. சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவர் கையை எடுத்துவிட்டார்.

"என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே. மந்திரி வந்த நாள் நானும் கொடியைப் பிடிச்சுக்கொண்டு பிள்ளையளை வெயில்ல நிப்பாட்டினவன்தானே. பிடிக்காமல் ஒருத்தர் நிண்டவர். எங்கட சங்கீத ரீச்சர். அவவை ஆர் படம் எடுத்து வைச்சிருக்கினம்?"

"ஆரைக் கேக்கிறது?" அம்மா கத்தினார். "தம்பியை வெட்டேக்கை நான் ஆரைக் கேட்டனான்? அரசாங்கம் மாறினதாலதான் அவையளுக்கு இல்லையெண்டது. படத்தாலை இல்லை. படத்தாலை இல்லை."

இருக்கலாம். நான் பின்னாளில் இதை ஒரு சட்டத்தரணியிடம், யாருக்கோ நடந்ததுபோலக் கேட்டேன். ஒரு படம் தீர்ப்பை மாற்றியிருக்கும் என்று சொல்லமுடியாது, மாற்றியிருக்காது என்றும் சொல்லமுடியாது என்றார். அதற்கு முன் இருந்ததைவிட அதற்குப் பின் எனக்கு மோசமாக இருந்தது.

*

இப்போது நாங்கள் விட்பியில் இருக்கிறோம். அம்மா எங்களோடு இருக்கிறார். ரயிலில் வேலைக்குப் போகிற ஒரு மணி நேரமும் நான் அன்று காலை மகளிடம் சொன்னவற்றைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பேன். அதட்டியது கூடிவிட்டதா, விட்டது கூடிவிட்டதா, சொல்லவேண்டிய எதையாவது சொல்லாமல் விட்டேனா. பொய் சொல்லாதே என்று மட்டும் ஒருநாளும் தவறாமல் சொல்கிறேன்.

மாஸ்ரரின் பெயர் எனக்குத் தெரியும். இரண்டு பெயரும் தெரியும், அடித்த பெயரும் எழுதிய பெயரும். கணினியில் தேடினால் கிடைக்கக்கூடும். தோழியும் இப்போது என் வயதுக்காரிதான், அவளுக்கும் பிள்ளைகள் இருக்கலாம். சில நாட்களில் ரயிலில் பெயரைத் தட்டுவேன். தேடு என்பதை அழுத்தமாட்டேன். கண்டுபிடித்தால் கொடுக்கவேண்டி வருமே.

போன கிழமை மகளின் பள்ளியிலிருந்து ஒரு துண்டு வந்தது. வீட்டில் இருக்கும் மிகப் பழைய படம் ஒன்றைக் கொண்டுவந்து அதைப் பற்றிப் பேசவேண்டும். நான் அல்பத்தை எடுத்துக் கொடுத்துவிட்டுச் சமைத்துக்கொண்டிருந்தேன். அவள் அலுமாரியின் மேல்தட்டையும் கிளறியிருக்கிறாள். பென்சில் ரின்னோடு குசினிக்கு என்னிடம் வந்தாள். மேசையில் அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, இது ஆர்? இந்த அஞ்சு பேரும் ஆர்?"

அம்மா நிமிர்ந்து பார்த்தார். கத்தி நின்றது. அது குப்பைக்குள் போய் எட்டு மாடி இறங்கி இருபத்தெட்டு வருடமாகிவிட்டது என்றே அவர் நினைத்திருந்தார். அவர் படத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் கொடுத்திருக்கலாம் என்பது அவருக்கு அந்த நிமிடம்தான் தெரிந்தது. குனிந்து உரிக்கத் தொடங்கினார்.

மகள் படத்தை இன்னும் கிட்டப் பிடித்துப் பார்த்தாள். கண் நல்ல கூர்மை அவளுக்கு.

"இந்த அங்கிளின்ர தோளில ஆரின்ரயோ ஃபிங்கர்ஸ் இருக்கு. ஃபோர். மிச்ச ஆள் எங்கை அம்மா? ஆர் கட் பண்ணினது?"

அடுப்பில் பருப்பு பொங்கியது. நான் அடுப்பைக் குறைத்தேன். சொல்வதற்கு அவள் எனக்குக் கொஞ்ச நேரம் தந்தாள், என் முகத்தையே பார்த்துக்கொண்டு.

"எனக்கு வரேக்கையே அது அப்பிடித்தான் இருந்தது" என்றேன்.